கேடயம் போதும், கணக்கைக் காட்டுங்கள்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியிலுள்ள ஓர் அறக்கட்டளைக்கு ஒரு தொழிற்சாலையின் அலுவலர் வந்தார். கணவரை இழந்த பெண்களுக்கும் வறுமையில் வாடும் குமர்களுக்கும் தையல் கற்றுக்கொடுத்துவந்த அறக்கட்டளை அது. ஐந்து பழைய இயந்திரங்கள். அவற்றில் இரண்டு ஓடாதவை. வந்தவர் பெண்களிடம் பேசினார். அவர்கள் தைத்த துணிகளை எடுத்துப் பார்த்தார். பதினைந்து புதிய இயந்திரங்களும் ஓராண்டுக்குப் பயிற்றுநர் ஊதியமும் தரத் தம் நிறுவனம் ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கையைக் கேட்டார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. ‘ஹாஜியார் 5,000’, ‘துணி வாங்கியது’, ‘சில்லறை’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அறக்கட்டளைப் பத்திரத்தைக் கேட்டார். அது முன்னாள் தலைவரின் வீட்டுப் பீரோவில் இருந்தது; சாவியோ அவருடன் குவைத்தில் இருந்தது. அலுவலர் தேநீர் அருந்திவிட்டு மரியாதையாக விடைபெற்றார். மீண்டும் வரவில்லை.

அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பதினொரு கேடயங்கள் வரிசையாக நின்றன. சமூகச் சேவைக்காகவும் மனிதநேயத்துக்காகவும் நம் நிர்வாகிகள் பெற்றவை. அந்த நிர்வாகக் குழுவில் அடியேனும் ஒருவன். ஆகவே இக்கட்டுரையில் வரும் கண்டனம் முதலில் என்மீதே விழட்டும்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று பிறகு விசாரித்தேன். சிலர் வாரத் தவணைக் குழுக்கடனில் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். வட்டி ஹராம் என்று வெள்ளிதோறும் பயான் செய்கிறோம். வட்டியில்லாமல் வாசல்வரை வந்த இயந்திரத்தை, ஒரு கணக்கு நோட்டை ஒழுங்காக எழுதாத குற்றத்தால் திருப்பி அனுப்பினோம். அந்த வட்டியின் பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று யாரால் உறுதி சொல்ல இயலும்?

விலைக்கு வரும் விருது

சென்ற ரமலானுக்கு முன் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சிறந்த கல்விச் சேவையாளர் விருதுக்கு நான் தேர்வாகியிருப்பதாகவும், பதிவுக் கட்டணமாக 4,500 ரூபாய் செலுத்தினால் சென்னையில் ஒரு விடுதியில் பொன்னாடையும் கேடயமும் சான்றிதழும் வழங்கப்படும் என்றும் அதில் இருந்தது. என்னைத் தேர்ந்தெடுத்தவர் யார், என் மாணவர்களில் ஒருவரையேனும் அவர் பார்த்ததுண்டா என்று கேட்டு எழுதினேன். கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள், தம் ஊர் அறக்கட்டளையின் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். அங்கே நிற்கும் கேடயங்களில் எத்தனை இப்படி வந்தவை? கட்டணம் யார் பணத்தில் செலுத்தப்பட்டது? சென்னைக்குப் போன வாகனச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது? ஏழைக்கென்று வந்த ஸதகாவிலிருந்து ஒரு ரூபாய் அதற்குப் போயிருந்தாலும் அது அமானிதத்தில் செய்த மோசடியே.

மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவர்களில் ஒருவர் செல்வத்தை வாரி வழங்கியவர். வள்ளல் என்று மக்கள் சொல்லவேண்டும் என்பதற்காகவே அவர் வழங்கினார்; மக்களும் அவ்வாறே சொல்லிவிட்டார்கள்; அத்துடன் அவருடைய கூலி தீர்ந்துபோயிற்று. முகஸ்துதிக்காகத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தவருக்கே இந்த நிலை என்றால், பிறர் பணத்தைக் கொண்டு தமக்குப் புகழ் வாங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எல்லா விருதுகளையும் ஒரே தட்டில் வைத்து இகழ்வது என் நோக்கமன்று. பெண்கள் நலனுக்காகப் பாடுபட்ட சமூக சேவகருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் தமிழ்நாடு அரசு சுதந்திர தினத்தை ஒட்டி விருது வழங்குகிறது. மத நல்லிணக்கத்துக்காகப் பாடுபட்டு உயிர்நீத்த கோவை கோட்டை அமீரின் பெயரால் குடியரசு தினத்தில் ஒரு விருது வழங்கப்படுகிறது. இவற்றைப் பெறக் கட்டணம் இல்லை. செய்த பணியின் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரிகள் விசாரிப்பார்கள். நம்மவர்கள் கட்டண விருதுக்கு ஓடுவதும் இவற்றுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதும் ஒரே காரணத்தால்தான். இங்கே ஆவணம் கேட்கிறார்கள். அங்கே பணம் மட்டும் கேட்கிறார்கள்.

வாசலில் காத்திருக்கும் நிதி

நம் இரு மாவட்டங்களின் நிலையைச் சற்றே நோக்குவோம். ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூரைச் சுற்றி இன்று வெட்டி எடுக்கிறார்கள். அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலையோடு ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று பெரு நிறுவனங்களின் ஆலைகளும் இங்கே இயங்குகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில் ஒரு கடமையை விதித்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு அது முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. கல்வி, தொழிற்பயிற்சி, குடிநீர், மருத்துவம், பெண்கள் முன்னேற்றம் ஆகியவை அதன் பட்டியலில் உள்ளன. பள்ளிவாசல் மினாராவுக்கு அதில் இடமில்லை. தையல் பயிற்சிக்கு இடமுண்டு.

இந்நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் காட்டவேண்டும். நம்மைத் தேடி வந்த அலுவலர் கேட்டதெல்லாம் இவற்றைத்தான். குறித்த காலத்துக்குள் செலவாகாத தொகை, சட்டம் சுட்டும் அரசு நிதிகளுக்குப் போய்விடும். நாம் கேட்காத பணம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

இதைவிட நெருக்கமான இன்னொரு வாய்ப்பும் உண்டு. மாவட்டந்தோறும் ஆட்சித் தலைவரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற முதியவர்கள் ஆகியோருக்குத் தொழில், கல்வி, மருத்துவ உதவிகள் செய்வது அதன் பணி. இச்சங்கம் திரட்டும் நன்கொடையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய் வீதம், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை அரசு இணை மானியம் தருகிறது. நாம் 10 லட்சம் கொடுத்தால் அது 30 லட்சமாகிறது. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. அந்த அலைக்கழிப்பின் பயனாக இன்று இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள் நமக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

லப்பைக்குடிக்காட்டிலும் வ.களத்தூரிலும் அரியலூரிலும் இதைப் படிக்கும் குடும்பங்களிடம் கேட்கிறேன்: இச்சங்கத்துக்கு இந்த ஆண்டு எத்தனை ரூபாய் கொடுத்தீர்கள்? இப்படியொரு சங்கம் இருப்பதை எந்த ஜும்ஆ மேடையில் கேள்விப்பட்டீர்கள்? வலீமா விருந்துக்கு லட்சங்களை இறைக்கும் நாம், ஒன்றுக்கு மூன்றாகப் பெருகும் தர்மத்தை அறியாமல் இருக்கிறோம். அறியச் செய்யாத குற்றம் மிம்பரில் ஏறும் எங்களைச் சேரும்.

‘அல்லாஹ்வுக்காகச் செய்வதற்குக் கணக்கு எதற்கு?’

கணக்கைப் பற்றிப் பேசினால் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். “அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம், அவனுக்குத் தெரியாதா? எங்களைச் சந்தேகிக்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்று கேட்கிறார்கள். இக்கேள்வி பக்தியின் உடையில் வருவதால் யாரும் மறுத்துப் பேசத் துணிவதில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே (2:282). தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கொள்ளலாகாது என்பது அதன் போதனை. நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது அவரிடம் கணக்குக் கேட்டார்கள். இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் நின்று கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஒரு ஸஹாபியிடமே கணக்குக் கேட்கப்பட்டது என்றால், நம் பொருளாளரிடம் கேட்பது எப்படி அவமதிப்பாகும்? உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் திவான் என்னும் பதிவேட்டு முறையை ஏற்படுத்தி, யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவைக்கச் செய்தார்கள். அவர்களைவிட நாம் இக்லாஸில் உயர்ந்தவர்களா?

மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூஸுஃப் (அலை) அவர்கள், தம்முடைய தகுதியாக இரண்டைச் சொன்னார்கள் (12:55): பாதுகாப்பவர் என்பது ஒன்று, அறிந்தவர் என்பது மற்றொன்று. நம் நிர்வாகிகளில் பலர் பாதுகாப்பவர்களே. அவர்களின் நாணயத்தை நான் ஐயுறவில்லை. அறிந்தவர்களாக இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. பொதுப் பொறுப்புக்கு நாணயம் மட்டும் போதாது.

கணக்கில்லாததன் விளைவை 2025இல் நேரில் கண்டோம். வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் உமீத் இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று வந்தபோது, பழைய பத்திரங்களைத் தேடி அலைந்த முத்தவல்லிகள் எத்தனை பேர்! அந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கிறோம். எதிர்ப்பதற்குக்கூட ஆவணம் வேண்டியிருந்தது.

‘அவர்கள் பணம் நமக்கு வேண்டாம்’

வேறு சிலர், அரசின் பணமும் ஆலையின் பணமும் நமக்கு எதற்கு என்பார்கள். ரமலான் நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் பச்சரிசியை ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறும் ஜமாஅத்துகள் இதைச் சொல்லலாகாது. யூஸுஃப் (அலை) அவர்கள் பொறுப்பேற்றதும் தம் மார்க்கத்தைச் சேராத ஒரு மன்னரின் களஞ்சியத்தில்தான்.

ஆயினும் இவர்களின் இன்னொரு அச்சம் மதிக்கத் தக்கது. ஆலையிடம் கைநீட்டி வாங்கியவன், ஆலைப் புழுதியைப் பற்றி வாய் திறக்க முடியுமா என்று கேட்கிறார்கள். லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு இது வெறும் தர்க்கமன்று. என் பதில் இதுதான்: சட்டம் விதித்த கடமையாக வரும் நிதி எவருடைய பிச்சையும் அன்று. முறையான விண்ணப்பம், ஒப்பந்தம், ரசீது ஆகியவற்றோடு பெறும் அறக்கட்டளை நிமிர்ந்து நிற்கும். புகார் கொடுக்கக் கூடாது என்று எவரேனும் நிபந்தனை வைத்தால், அந்த நிதியைத் திருப்பிவிடுங்கள். வாயை அடைப்பது பெரும்பாலும் ரசீதில்லாமல் தலைவரின் கையில் தனியாகக் கொடுக்கப்படும் பணம்தான்.

மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு: “நம் பெயரைப் பார்த்தாலே தள்ளிவிடுவார்கள்.” இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொண்டு நிறுவனங்களின் கல்விப் பணிகளுக்கு மானியம் அளித்துவந்த, 1989இல் தொடங்கிய மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடும்படி மத்திய அரசு 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. கதவுகள் அடைபடுகின்றன, மானியத்தையே நம்பிப் பைத்துல்மாலை நடத்தக் கூடாது என்பதற்கு அதுவே பாடம். ஆனால் திறந்திருக்கும் கதவை நாமே அடைத்துக்கொள்வதற்கு அது காரணமாகாது. தாள்கள் அனைத்தும் சரியாக இருந்தும் அரசு அலுவலகம் மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்கலாம், போராடலாம். தாள்களே இல்லாதபோது, பாகுபாடு காட்ட நினைப்பவருக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

பத்திரத்தில் ஒரு வரி

நம் அறக்கட்டளைகள் பலவற்றின் பத்திரத்தில் ‘முஸ்லிம்களின் நலனுக்காக’ என்ற வரி இருக்கிறது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட மதத்தினருக்கு மட்டும் பயன்தரும் அறக்கட்டளைக்கு 80ஜி சலுகை கிடையாது. வருமான வரி விலக்கும் சிக்கலாகும். அது இல்லாமல் சி.எஸ்.ஆர். நிதியும் இல்லை. இந்த விதி நமக்கு மட்டும் வந்ததன்று. எல்லா மதத்தினருக்கும் பொதுவானது.

இதற்கு மார்க்கத்தில் வழி இல்லையா? ஜகாத் எட்டு வகையினருக்கு வரையறுக்கப்பட்டது (9:60). அதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. ஸதகா அப்படியன்று. நம்மோடு பகைமை பாராட்டாத பிற மதத்தினருக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை (60:8). ஆகவே பள்ளிவாசலும் மதரஸாவும் ஜகாத்தும் ஜமாஅத்தின் கீழ் அவற்றின் விதிப்படி இருக்கட்டும். தையல், மருத்துவம், கல்வி உதவி ஆகியவற்றுக்குச் சாதி மத வேறுபாடின்றி ஏழைகள் அனைவருக்கும் என்று எழுதித் தனி அறக்கட்டளை அமையட்டும். வங்கிக் கணக்கும் தனியாக இருக்கட்டும். நம் தெருவில் தையல் கற்க வரும் பிற மதத்துச் சகோதரி, ஆயிரம் மேடைப் பேச்சுகளைவிட நன்றாக நம்மைப் பற்றித் தன் வீட்டில் சொல்வாள்.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்புவது அப்படியன்று. அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்குவது குற்றமாகும். பாசத்தால் அனுப்பிய பத்தாயிரம் ரூபாய், அறக்கட்டளையையே முடக்கிவிடக் கூடும். அனுப்புமுன் கேளுங்கள், அனுப்பியபின் ரசீது கேளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை

மக்களே, வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உங்கள் ஊர் அறக்கட்டளை நிர்வாகிகளிடம் மூன்றைக் கேளுங்கள். பத்திரத்தின் நகல் எங்கே? சென்ற மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை எங்கே? 12ஏ, 80ஜி பதிவுகள் உள்ளனவா, காலாவதியாகாமல் இருக்கின்றனவா? அதட்டிக் கேட்காதீர்கள், அவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஆனால் விடாமல் கேளுங்கள். நம் பிள்ளைகளில் வணிகவியல் படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதம் இரண்டு மணி நேரம் கணக்கெழுத அவர்களை அழையுங்கள். ஆண்டுக் கணக்கைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

எங்கள் அறக்கட்டளையில் இப்போது ஓர் இளைஞர் கணக்கெழுதுகிறார். முதல் ஆண்டின் தணிக்கை முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும். அலமாரியிலிருந்த கேடயங்களை இறக்கி ஒரு பெட்டியில் போட்டோம். அந்தத் தட்டில் இப்போது ரசீதுப் புத்தகங்களும் பேரேடும் பத்திரத்தின் நகலும் இருக்கின்றன. அந்த அலுவலர் மீண்டும் வருவாரா என்பது எங்களுக்குத் தெரியாது. வராவிட்டாலும், அந்தப் பெண்களின் பெயரால் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் எங்கே போயிற்று என்று அவர்களிடம் சொல்ல எங்களால் முடியும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நன்மக்களாக நம்மை ஆக்கி, மறுமையின் கணக்கை வல்ல ரஹ்மான் நமக்கு இலேசாக்குவானாக! ஆமீன்.